எழுதும்போதே பக்கத்தைப் பார்க்க: உங்கள் கணினியில் ஒரு சிறு சர்வர்

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காகிதங்கள் தயாராகின்றன. வரவு செலவுக் கணக்கு, நடந்து முடிந்த பணிகள், இனி எடுக்க வேண்டிய பணிகள், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று பட்டியல் நீளும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் இவற்றைப் படித்துவிட்டு வந்தால்தான் கேள்வி பிறக்கும்.

பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த குத்தம்பாக்கம் இந்த வகையில் பேர்பெற்ற ஊர். வேதியியல் பொறியியல் படித்து வேலையில் இருந்த இளங்கோ, ஊருக்குத் திரும்பி 1996-ல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசி ஐந்தாண்டுத் திட்டம் வகுத்ததும், கிராம சபையை உண்மையிலேயே முடிவெடுக்கும் இடமாக நடத்த முயன்றதும் அவரது காலத்தில்தான் பரவலாகப் பேசப்பட்டன. திட்டம் எழுதுவதோடு வேலை முடிவதில்லை, அதை மக்கள் படிக்கும்படி கொடுக்கவும் வேண்டும் என்பதற்கு இந்த ஊரைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

அப்படியொரு திட்ட அறிக்கையை ஊர்க்காரர்களின் கைபேசிக்கு ஏற்ற பக்கமாகத் தயாரிக்க இளைஞர் ஒருவர் முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி. அவர் எழுதுவது எடிட்டரில், மக்கள் படிப்பதோ பிரவுசரில். இரண்டும் ஒன்றல்ல. எடிட்டரில் ஒழுங்காக நின்ற எட்டுப் பத்தி அட்டவணை கைபேசித் திரையில் வலப்பக்கம் வெட்டுப்படும். தலைப்பென்று நினைத்தது சாதாரண வரியாக வரும். படம் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். இவற்றைக் கடைசி நாளில் கண்டுபிடிப்பதற்குப் பதில், எழுதும்போதே பார்த்துத் திருத்தலாம். அதற்கு வேண்டியது ஒரு சிறு வெப் சர்வர். அது உங்கள் கணினியிலேயே ஓடும், இணைய இணைப்பு தேவையில்லை, காசும் செலவில்லை.

கோப்பை நேராகத் திறந்தால் போதாதா?

ஒரேயொரு எச்டிஎம்எல் கோப்பு என்றால் போதும். அதன்மேல் இருமுறை சொடுக்கினால் பிரவுசர் திறந்து காட்டும். கோப்புகள் இரண்டு மூன்றாகும்போதுதான் சிக்கல் வரும். உங்கள் பக்கத்தில் படத்தின் முகவரி சாய்கோட்டில் தொடங்குகிறது என்றால், சர்வரில் அதற்குத் ‘தளத்தின் முதல் ஃபோல்டர்’ என்று பொருள். கோப்பை நேராகத் திறந்தால் அதே சாய்கோடு கணினி வட்டின் முதல் ஃபோல்டரைக் காட்டும். அங்கே உங்கள் படம் இருக்காது. அடுத்து, நேராகத் திறந்த பக்கத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு கோப்பை எடுக்க முயன்றால் இன்றைய பிரவுசர்கள் பாதுகாப்புக் கருதித் தடுத்துவிடும். மார்க்டவுன் கோப்பாக இருந்தால் பிரவுசர் அதை வெறும் எழுத்தாகக் காட்டும், அல்லது பதிவிறக்கம் செய்யும்.

நாளை பக்கம் எங்கிருந்து படிக்கப்படுமோ, இன்றைக்கே அந்தச் சூழலில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான முன்னோட்டம்.

சர்வர் செய்யும் வேலை

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் அடுக்கி வைத்த பெட்டிகள் நினைவுக்கு வரலாம். சர்வர் என்பது அடிப்படையில் ஒரு நிரல். நூலக மேசையில் இருப்பவர் கேட்ட புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதைப் போல, பிரவுசர் கேட்ட கோப்பை அது எடுத்துக் கொடுக்கிறது.

பிரவுசர் அனுப்பும் கோரிக்கை சில வரி எழுத்துதான். ‘இந்தப் பாதையில் இருப்பதைக் கொடு’ என்பது அதன் முதல் வரி. சர்வரின் பதிலில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் ஒரு எண்: கிடைத்தால் 200, கிடைக்காவிட்டால் 404, முன்பு வாங்கியதே இன்னும் மாறவில்லை என்றால் 304. அடுத்து, அனுப்பும் பொருள் எந்த வகை, எத்தனை பைட் என்று சொல்லும் தலைப்பு வரிகள். பிறகு ஒரு வெற்று வரி, அதன்கீழ் கோப்பின் உள்ளடக்கம். உலகின் மாபெரும் தளங்களும் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன.

டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ன் இறுதியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் முதல் வெப் சர்வரை ஓட்டியது தம் மேசைமேல் இருந்த ஒரு நெக்ஸ்ட் கணினியில். அவர் எழுதிய முதல் பிரவுசர் பக்கங்களைக் காட்டியதோடு, அங்கேயே அவற்றை எழுதவும் திருத்தவும் இடம் கொடுத்தது. எழுதுவதும் படிப்பதும் அருகருகே இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலையோடு சேர்ந்தே பிறந்தது. நாம் இப்போது கட்டப்போகும் சிறு சர்வர் அந்த வசதியைத்தான் மீட்டுத் தருகிறது.

முதல் படி: ஒரே வரி

கணினியில் பைத்தான் 3 இருந்தால் சர்வர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் பைத்தான் உடன்வரும், விண்டோஸில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். அறிக்கைக் கோப்புகள் உள்ள ஃபோல்டருக்கு டெர்மினலில் போய், ‘பைத்தான்3 -எம் எச்டிடிபி.சர்வர் 8000 --பைண்ட் 127.0.0.1’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். விண்டோஸில் தொடக்கச் சொல்லில் 3 என்ற எண் இல்லாமல் தட்ட வேண்டியிருக்கலாம். பிறகு பிரவுசரின் முகவரிப் பட்டையில் 127.0.0.1:8000 என்று கொடுங்கள். ஃபோல்டரில் ‘இண்டெக்ஸ்’ என்ற பெயரில் எச்டிஎம்எல் கோப்பு இருந்தால் அது திறக்கும், இல்லையென்றால் கோப்புகளின் பட்டியல் வரும். நிறுத்த, டெர்மினலில் கன்ட்ரோலையும் சி விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அந்தக் கட்டளையில் உள்ள எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னையே குறிக்கும் முகவரி. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றாலும் வழக்கமாக அதுவே. அந்த முகவரிக்குப் போகும் எதுவும் கணினியைவிட்டு வெளியே போகாது. 8000 என்பது போர்ட் எண். ஒரே கணினியில் பல நிரல்கள் கோரிக்கைக்குக் காத்திருக்கலாம், எந்தக் கோரிக்கை எந்த நிரலுக்கு என்பதை இந்த எண்ணே பிரித்துக் கொடுக்கும். 65535 வரை எண்கள் உண்டு. 1024-க்குக் கீழே உள்ளவற்றுக்கு லினக்ஸில் பொதுவாகத் தனி அனுமதி வேண்டும் என்பதால் 8000, 8080 போன்றவற்றை எடுத்துக்கொள்வது வழக்கம். ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால் 8001 என்று மாற்றிப் பாருங்கள்.

கடைசியில் உள்ள ‘பைண்ட்’ பகுதியை விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் இந்தச் சர்வர் உங்கள் வைஃபையில் உள்ள மற்றக் கருவிகளுக்கும் பதில் சொல்லத் தொடங்கிவிடும்.

இரண்டாம் படி: மார்க்டவுனைப் பக்கமாக்குதல்

எச்டிஎம்எல் குறிகளோடு நீண்ட அறிக்கை எழுதுவது கண்ணுக்குச் சிரமம். அதனால் பலரும் மார்க்டவுனில் எழுதுகிறார்கள். ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்ட இந்த முறையில், வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டால் தலைப்பு, கழித்தல் குறி போட்டால் பட்டியல். வெறும் எழுத்தாகப் படித்தாலும் புரியும் என்பதால் ஊரில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

இதை முன்னோட்டம் பார்க்கச் சர்வருக்கு ஒரு வேலை கூடுதலாகக் கற்றுத்தர வேண்டும்: மார்க்டவுன் கோப்பைக் கேட்டால் அதை எச்டிஎம்எல் ஆக மாற்றிக் கொடு. பைத்தானில் ‘சிம்பிள் எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஹேண்ட்லர்’ என்றொரு கிளாஸ் தயாராக இருக்கிறது. அதிலிருந்து உங்கள் கிளாஸை உருவாக்கி, கோரிக்கை வரும்போது ஓடும் ஃபங்ஷனை மாற்றி எழுதினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். அதன் போக்கு இப்படி:

1. கேட்ட பாதை மார்க்டவுன் கோப்பா என்று பார். இல்லையென்றால் பழைய வழியிலேயே கொடுத்துவிடு. படங்களும் வடிவமைப்புக் கோப்புகளும் அப்படியே போகட்டும்.

2. மார்க்டவுன் என்றால் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் படி.

3. பைத்தானின் மார்க்டவுன் லைப்ரரியிடம் கொடுத்து எச்டிஎம்எல் ஆக்கு. அட்டவணைகளுக்கான நீட்சியையும் சேர்த்துச் சொல். அதை மறந்தால் வரவு செலவுப் பட்டியல் செங்குத்துக் கோடுகளும் எண்களுமாகக் குழம்பி நிற்கும்.

4. வந்ததை ஒரு முழுப் பக்கச் சட்டத்துக்குள் வை. எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்ற குறிப்பு, மொழி தமிழ் என்ற குறிப்பு, கைபேசி அகலத்துக்கேற்ப அமையச் சொல்லும் வியூபோர்ட் குறிப்பு ஆகிய மூன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கட்டும்.

5. எல்லாவற்றையும் பைட்டுகளாக்கி, அவற்றை எண்ணி, தலைப்பு வரிகளோடு அனுப்பு.

வடிவமைப்புக் கோப்புகள் உட்பட எல்லாப் பதில்களின் தலைப்பு வரிகளிலும் ‘கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்’ என்பதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் முன்பு வாங்கிய வடிவமைப்புக் கோப்பையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடும். நீங்கள் எழுத்தின் அளவை மாற்றியிருப்பீர்கள், திரையில் மாற்றமே தெரியாது.

தமிழுக்கென்று சில கவனங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பல வழிகாட்டிகள் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை. தமிழில் எழுதுபவருக்கோ முக்கால்வாசித் தொல்லை இங்கேதான்.

முதலாவது, நீளக் கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘அம்மா’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறி. அனுப்பும்போது 15 பைட். பதிலின் ‘கன்டென்ட்-லெங்த்’ வரியில் பைட் எண்ணிக்கைதான் வர வேண்டும். குறிகளை எண்ணி 5 என்று போட்டால், பிரவுசர் ஐந்து பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். ‘அ’ முழுதாக வரும், அடுத்த ‘ம’ உடைந்து நிற்கும். நீண்ட அறிக்கையில் இதே பிழை பக்கத்தை அரைவாசிக்கும் குறைவான இடத்திலேயே அறுத்துவிடும். ஆங்கிலத்தில் சோதிக்கும்போது இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் அங்கே இரண்டு எண்ணிக்கையும் ஒன்று. எனவே முதலில் பைட்டாக மாற்றுங்கள், பிறகு எண்ணுங்கள்.

இரண்டாவது, எழுத்துமுறைக் குறிப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் பிரவுசர் வேறு முறையில் படித்துவிடலாம். அப்போது தலைமேல் கோடிட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறிமாறி வரும். கோப்பு கெட்டுவிடவில்லை, படிக்கும் முறைதான் தவறு. பைத்தானின் தயார் சர்வர் எச்டிஎம்எல் கோப்புகளுக்கு இந்தக் குறிப்பைத் தானாகச் சேர்ப்பதில்லை. எனவே பக்கத்துக்குள்ளேயே, முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும்.

மூன்றாவது, கோப்புப் பெயர். ‘திட்டம்’ என்று தமிழில் பெயர் வைத்தால், பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றி அனுப்பும். ஒரு குறி ஒன்பது எழுத்தாகிவிடும். சர்வர் அதைத் திருப்பி மாற்றிய பிறகே கோப்பைத் தேட வேண்டும். தயார் கிளாஸ் இதைத் தானே செய்துகொள்கிறது. பாதையை நீங்களே எடுத்துக் கையாண்டால் நீங்கள்தான் செய்ய வேண்டும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் தட்டலாம், இரண்டு தனிக் குறியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கோ வேறுவேறு பெயர்கள். எழுத்தைச் சீராக்கும் என்எஃப்சி என்ற முறை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பைத்தானில் அதற்கு ஒரே வரி போதும்.

நான்காவது, பழைய எழுத்துருக்கள். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டினால் முன்னோட்டத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். சர்வரில் தவறு தேட வேண்டாம், அந்தப் பத்தியை எழுத்துரு மாற்றிக் கருவியில் யூனிகோடாக்கிய பிறகு ஒட்டுங்கள்.

ஐந்தாவது, வரி இடைவெளி. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வாங்கும் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். எழுத்து உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வரி உயரம் வைத்துப் பாருங்கள். எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி கூட்டினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகித் தெரியும், அது வேண்டாம்.

மூன்றாம் படி: சேமித்தவுடன் பக்கம் மாற

இதுவரை ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பிரவுசருக்குப் போய்ப் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இதைத் தானாக நடக்கச் செய்யலாம். எளிய வழி, பக்கமே விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் ‘ஏதாவது மாறியதா?’ என்று கேட்பது.

சர்வரில் ஒரு தனிப் பாதை வையுங்கள். அதைக் கேட்டால், ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளிலும் கடைசியாக எது எப்போது திருத்தப்பட்டதோ அந்த நேரத்தை மட்டும் எண்ணாகத் தர வேண்டும். பக்கச் சட்டத்தில் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் இருக்கட்டும். அது விநாடிக்கு ஒருமுறை அந்த எண்ணை வாங்கி, முன்பு வாங்கியதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் பக்கத்தைப் புதுப்பிக்கும். மார்க்டவுன் கோப்பை மட்டும் கவனித்தால் போதாது. வடிவமைப்புக் கோப்பும் படங்களும் மாறலாம், அதனால்தான் முழு ஃபோல்டரையும் பார்க்கச் சொல்கிறேன்.

சர்வரே பிரவுசருக்குச் செய்தி தள்ளும் முறைகளும் உண்டு. அவற்றில் இணைப்பு திறந்தபடியே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் சாதாரணச் சர்வர் அந்த ஒரே இணைப்பில் மாட்டிக்கொண்டு மற்றவற்றைக் காக்க வைத்துவிடும். பைத்தான் 3.7 முதல் ‘த்ரெடிங் எச்டிடிபி சர்வர்’ இருக்கிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை. எந்த முறை எடுத்தாலும் அதையே பயன்படுத்துங்கள்.

சில எடிட்டர்கள் சேமிக்கும்போது முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பெயரை மாற்றுகின்றன. அந்தக் கண நேரத்தில் சர்வர் தேடினால் கோப்பு அகப்படாமல் போகலாம். கிடைக்காவிட்டால் சிறிது பொறுத்து ஒருமுறை மீண்டும் தேடும்படி எழுதிவிடுங்கள். இவ்வளவும் சேர்ந்தாலும் நிரல் அறுபது எழுபது வரிக்குள் அடங்கும்.

கைபேசியில் பார்ப்பது

கிராம சபை அறிக்கையைப் பெரும்பாலோர் படிக்கப்போவது கைபேசியில். மடிக்கணினியில் நன்றாக இருப்பது பாதி வேலைதான். கணினியும் கைபேசியும் ஒரே வைஃபையில் இருந்தால், சர்வரை 127.0.0.1-க்குப் பதில் 0.0.0.0 என்ற முகவரியில் தொடங்குங்கள். ‘எல்லா இணைப்பிலிருந்தும் வருவதை ஏற்றுக்கொள்’ என்பது அதன் பொருள். கணினியின் உள்முகவரியை நெட்வொர்க் அமைப்பில் பாருங்கள், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கைபேசி பிரவுசரில் அந்த முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் பக்கம் திறக்கும். வைஃபை இல்லாத இடத்தில் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துக்கொள்ளலாம். பக்கம் இரண்டு கருவிகளுக்கு இடையே மட்டும் போவதால் அதற்கு டேட்டா செலவாகாது. திறக்கவில்லை என்றால் கணினியின் ஃபயர்வால் தடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கைபேசியில் மூன்றைக் கவனியுங்கள். அகலமான அட்டவணை திரைக்குள் அடங்குகிறதா, அல்லது அது மட்டும் பக்கவாட்டில் நகர்கிறதா? தொகைகள் வரி மாறி உடைகின்றனவா? முதியவர் ஒருவர் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா?

பாதுகாப்பு

0.0.0.0-ல் ஓடும்போது அந்த வைஃபையில் உள்ள எவரும் உங்கள் ஃபோல்டரைப் பார்க்கலாம். எனவே அறிக்கைக்கென்று தனி ஃபோல்டர் வைத்து அதை மட்டும் சர்வரிடம் கொடுங்கள். பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை எண் உள்ள கோப்புகள் அந்த ஃபோல்டரில் ஒருபோதும் இருக்கக் கூடாது. நூறு நாள் வேலைப் பட்டியலோ வீட்டுத் திட்டப் பட்டியலோ கையில் இருக்கும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பாதையில் இரட்டைப் புள்ளி வைத்து மேல் ஃபோல்டருக்கு ஏறும் தந்திரத்தைத் தயார் கிளாஸ் தடுக்கும். உங்கள் சொந்த நிரல் கோப்பைத் திறக்கும் இடத்தில், முழுப் பாதையும் அறிக்கை ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று நீங்களே சோதிக்க வேண்டும். பார்த்து முடித்ததும் சர்வரை நிறுத்திவிடுங்கள். பைத்தானின் இந்தச் சர்வர் பொது இணையத்தில் வைப்பதற்கு உகந்ததல்ல என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. முன்னோட்டத்துக்கு மட்டும் இது போதும்.

தயார் கருவி இருக்கும்போது ஏன் கட்ட வேண்டும்?

எம்கேடாக்ஸ், ஹ்யூகோ, ஜெகில் போன்ற கருவிகளில் முன்னோட்டச் சர்வர் உள்ளேயே இருக்கிறது. வழக்கமாக எம்கேடாக்ஸ் 8000, ஹ்யூகோ 1313, ஜெகில் 4000 என்ற போர்ட்டில் ஓடும். விஎஸ் கோட் எடிட்டருக்கு ‘லைவ் சர்வர்’ என்ற நீட்சி உண்டு. பெரிய தொகுப்பு என்றால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் ஒருமுறையாவது சொந்தமாகக் கட்டிப் பாருங்கள். பக்கம் பாதியில் அறுந்தால் அது நீளக் கணக்கு, எழுத்து குழம்பினால் அது எழுத்துமுறைக் குறிப்பு, மாற்றம் தெரியாவிட்டால் அது கேஷ் என்று பிறகு எந்தக் கருவியிலும் உங்களால் பிரித்துச் சொல்ல முடியும்.

கணினி அறிவைத் தமிழில் பகிர்வதில் நமக்கு நல்ல மரபு இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் வலையேற்றி வருகிறது. கணியம் இதழ் 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. அந்த வரிசையில் ஊராட்சி ஆவணங்களும் சேர வேண்டும். கிராம சபைக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே இடமுண்டு. கணக்கைக் கேட்கும் உரிமை மக்களுக்கு இருந்தாலும், கையில் வரும் பக்கம் படிக்க முடியாததாக இருந்தால் அந்த உரிமை பாதியிலேயே நின்றுவிடும்.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு முன், அறிக்கையின் ஒரு பக்கத்தையாவது இந்த முறையில் தயாரித்துப் பாருங்கள். எழுதி முடிப்பதற்கு முன்பே, கணக்கு வழக்கில் ஆர்வமுள்ள பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் கைபேசியில் அதைத் திறந்து கொடுங்கள். எந்த வரியில் அவர் தயங்குகிறாரோ அதை அங்கேயே மாற்றிச் சேமியுங்கள். ஒரு விநாடியில் அவர் கையிலுள்ள பக்கமும் மாறிவிடும், சரியாகிவிட்டதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.